முச்சந்தியில் கிடைத்த அறிவு

பங்குத் திருவிழாவை ஒட்டியோ மறைக்கல்வி ஆண்டு விழாவிலோ ‘வினாடி வினா’ நடைபெறாத ஊர் இன்று அரிது. விவிலிய வினாக்கள் முடிந்ததும் பொது அறிவுச் சுற்று தொடங்கும். உலகின் மிக உயரமான சிகரம் எது? தமிழின் முதல் பேசும் படம் எது? தமிழ்நாட்டின் மாநில மலர் எது? சமையல் எரிவாயுவில் மணத்திற்காகக் கலக்கப்படும் பொருள் எது? வினா முடியுமுன் விடை வந்து விழும், கைதட்டல் எழும், எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசாகக் கிடைக்கும். பெற்றோர் முகத்தில் பெருமிதம் பொங்கும்.

இதைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், இந்த மகிழ்ச்சிக்கு அடியில் ஓர் அறவியல் வினா உறங்கிக் கிடக்கிறது. அதைத் தட்டி எழுப்பிப் பார்ப்பது நமக்கு நல்லது. வரலாற்றில் ஓர் ஆண்டு, புவியியலில் ஓர் எண், தோட்டத்தில் ஒரு பெயர், திரைப்படத்தில் ஒரு முதன்மை என்று நாம் சேர்த்து வைக்கும் துணுக்குகள் நம்மை எவ்வகையிலேனும் நல்லவர்கள் ஆக்குகின்றனவா? அறிவது எப்போதும் நன்மைதானா? அறிந்துகொள்ளும் ஆசையிலும் ஒழுங்கின்மை புகுவதுண்டா?

ஒரு சொல்லின் கதை

துணுக்குச் செய்தியைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிரிவியா’ என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் ‘திரிவியும்’ என்றால் மூன்று சாலைகள் கூடுமிடம். நம் மொழியில் முச்சந்தி. முச்சந்தியில் எவரும் நிற்கலாம்; எவரும் பேசலாம். அங்குக் கிடைக்கும் செய்திக்கு விலையில்லை, பொறுப்பேற்பாரும் இல்லை. ஆகவே அற்பமானது, மலிவானது என்ற பொருள் அச்சொல்லின் உறவுச் சொற்களில் ஏறிற்று.

ஆனால் அதே ‘திரிவியும்’ என்ற சொல்லுக்கு மற்றொரு வாழ்வும் உண்டு. இடைக்காலத் திருச்சபையின் கல்விக்கூடங்களில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகிய மூன்று கலைகளுக்கும் அதுவே பெயர். எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கையும் கற்குமுன் ஒவ்வொரு மாணவனும் இம்மூன்றையும் கடந்தாக வேண்டும். ஒரே சொல் தெருமுனைப் பேச்சுக்கும் பெயராயிற்று. கல்வியின் வாயிலுக்கும் பெயராயிற்று. சிறு செய்திகளின் இயல்பும் இதுவே. அவை நம்மைத் தெருவிலேயே நிறுத்தி வைக்கலாம். வாயிலைத் திறந்து உள்ளேயும் அழைத்துச் செல்லலாம். எது நிகழ்கிறது என்பதை முடிவு செய்வது செய்தியன்று. அதைக் கையில் ஏந்துபவரின் உள்ளம்.

ஆவலும் ஆர்வமும்

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன் திருமுன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் 10-ஆம் பகுதியில், அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அறியத் துடிக்கும் வேட்கையைக் கடுமையாக ஆராய்கிறார். வேட்டை நாய் முயலைத் துரத்தும் காட்சிக்காகத் தாம் விளையாட்டரங்கம் போவதை விட்டுவிட்டதாகவும், ஆனால் வயல்வெளியில் அத்தகைய துரத்தல் தற்செயலாகக் கண்ணில் பட்டால் தம் உயர்ந்த எண்ணங்கள் சிதறிவிடுவதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். வீட்டுச் சுவரில் பல்லி ஈயைப் பிடிப்பது கூடத் தம்மைக் கட்டிப் போடுகிறது என்கிறார். படைப்பின் வியப்பிலிருந்து படைத்தவரைப் புகழ்வதற்குத் தாம் நகர்ந்தாலும், கவனம் தொடங்கியது அங்கிருந்து அன்றே என்று தம்மைத்தாமே மடக்குகிறார். இத்தனை நேர்மையோடு தம் மனத்தைத் துருவியவர் வேறெவர்?

அதே பகுதியில் அவர் மற்றொன்றும் சொல்கிறார். மனிதர் மலைகளையும் கடலையும் விண்மீன்களையும் கண்டு வியக்கின்றனர். தம்மைத் தாமே கவனிக்காமல் விட்டுவிடுகின்றனர் என்பது அதன் கருத்து. 1336-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் பிரான்சு நாட்டின் வெந்தூ மலை உச்சியில் ஏறி நின்று, தாம் எடுத்துச் சென்ற அந்நூலைத் திறந்தபோது கண்ணில் பட்டது இவ்விடமே என்று தம் மடலில் எழுதினார். காட்சியை விட்டுப் பேச்சற்றவராய் அவர் மலையிறங்கினார்.

புனித தோமா அக்குவினார் அகுஸ்தினாரின் கருத்தைப் பெற்று, தம் இறையியல் தொகை நூலில் இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். உண்மையை அறிவது தன்னிலே நன்மையே என்று அவர் முதலிலேயே உறுதி கூறுகிறார். தீமை நுழைவது அறிவில் அன்று. அறியும் ஆசையின் ஒழுங்கில். ஒழுங்குள்ள ஆசையைக் கற்றலார்வம் என்றும், ஒழுங்கு குலைந்ததை வீண் ஆவல் என்றும் கொள்ளலாம். உணவாசையை நெறிப்படுத்தும் மட்டுத்திட்டம் என்னும் நற்பண்பின் கீழேயே அவர் இதனையும் வைத்தார். வயிற்றுக்குப் பெருந்தீனி இருப்பது போல அறிவுக்கும் பெருந்தீனி உண்டு என்பது இதன் உட்பொருள். தற்பெருமைக்காகக் கற்பது, கடமையை விட்டுவிட்டுக் கற்பது, தகாத வழியில் கற்பது, ஆற்றலுக்கு மீறியதைப் பற்றித் தவறுவது, பிறர் வாழ்வைத் துருவுவது ஆகியவை அவர் சுட்டும் நோய்கள்.

இந்த அளவுகோல்களைக் கையில் எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் கண்ட வினாடி வினாவின் சில கேள்விகளிடமே திரும்புவோம்.

விடைக்குப் பின்னால் உள்ள வியர்வை

உலகின் உயரமான சிகரம் எவரெஸ்ட். உயரம் 8,848.86 மீட்டர். 2020-ஆம் ஆண்டு திசம்பரில் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த எண் இது. சொல்வதற்கு மூன்று விநாடி போதும்.

ஆனால் இந்த விடை தொடங்கிய இடம் நம் சென்னை. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர், தோமையார் மலை எனப் போற்றப்படும் பரங்கிமலைப் பகுதியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்திற்கு உருக்குச் சங்கிலி கொண்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டின் மீது முக்கோணத்திற்கு மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே அளவைக் குழுவினர் வடக்கே நகர்ந்தனர். கோயில் கோபுரங்களிலும் குன்றுகளிலும் கனத்த அளவைக் கருவிகளை ஏற்றினர். காய்ச்சலுக்கு எத்தனையோ பணியாளர் பலியாயினர். லாம்டனும் 1823-இல் பணியிடையிலேயே இறந்தார். இமயத்தின் அந்தச் சிகரத்திற்கான கணக்கை வங்காளத்துக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் போட்டார். 1856-இல் 29,002 அடி என்ற உயரம் வெளியிடப்பட்டது. பரங்கிமலையிலிருந்து அவ்வெண் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சிகரத்துக்கோ, முன்னாள் அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. அவரே அதை விரும்பவில்லை. நேபாளியர் சாகர்மாதா என்றும் திபெத்தியர் சோமோலுங்மா என்றும் அதை அழைக்கின்றனர்.

விடையை மட்டும் அறிந்தவன், “எனக்குத் தெரியும்” என்கிறான். விடையின் வழியை அறிந்தவன், “எனக்காக எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்!” என்கிறான். முதலாவது தற்பெருமையின் வாசலில் நிற்கிறது. இரண்டாவது நன்றியின் வாசலில் நிற்கிறது. செய்தி இருவருக்கும் ஒன்றே.

‘முதல்’ என்ற சொல்லின் மீது நமக்குள்ள மயக்கமும் இத்தகையதே. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’; 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது; எச்.எம். ரெட்டி இயக்கினார், டி.பி. ராஜலட்சுமி நடித்தார். விடை நம் நாவில் இருக்கிறது, படம் இல்லை. அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை. அந்நாளைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை, வெப்பத்தில் சிதைபவை, அவற்றிலிருந்த வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டவையும் ஏராளம். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’ என்பதையும் நாம் பெருமையோடு சொல்கிறோம். அன்றிக்கே அடிகளார் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேற்றிய 16 பக்க நூல் அது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களின் ஆதரவால் உருவான அச்சுப்பணியின் கனி. ஆனால் நாம் அறிந்த அதன் பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஆண்டை நினைவில் வைத்தோம். பொருளைக் கையில் வைத்துக் காக்கத் தவறினோம். ஒரு செய்தியை அறிவது, அச்செய்திக்குரிய பொருளைப் பேணும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிடுவதில்லை. நம் பங்குகளில் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் செல்லரித்துக்கொண்டிருக்கையில், முதல் நூலின் ஆண்டைச் சொல்லிப் பரிசு பெறுவதில் ஒரு முரண் இருக்கிறது.

விருந்தாளிகளின் தோட்டம்

தோட்டத்துத் துணுக்குகள் நமக்கு வேறொரு பாடம் சொல்கின்றன. மிளகாய் நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகு போல் உறைத்த காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டனர். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி அனைத்தும் அதே திசையிலிருந்து வந்த விருந்தாளிகள். தக்காளியும் மிளகாயும் இல்லாத ஒரு குழம்பை இன்று நம்மால் எண்ணிப்பார்க்க இயலுமா?

இதை வெறும் வியப்பாகக் கேட்டுக் கடந்து போகலாம். சற்று நின்றால் இது நம் செருக்கைத் தட்டி வைக்கும். ‘இது எங்கள் மரபு, தூய மரபு’ என்று நெஞ்சு நிமிர்த்துபவனின் சோற்றுத் தட்டிலேயே மறுப்பு இருக்கிறது. அயலாரிடமிருந்து பெற்றதை உண்டு வளர்ந்தவர்கள் நாம். ஊருக்குப் புதிதாய் வேலை தேடி வரும் வடபுலத்துத் தொழிலாளியை ‘வந்தேறி’ என்று ஒதுக்குமுன், நம் அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

தோட்டத்தில் மற்றுமொரு செய்தி. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். நெருப்புக் கொழுந்து போன்ற அதன் அழகைப் பாடாத சங்கப் புலவர் குறைவு. ஆனால் அதன் கிழங்கும் விதையும் கோல்சிசின் என்னும் நஞ்சைக் கொண்டவை. உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கி உண்டு உயிரிழந்தவர்களும் உண்டு. அதே கோல்சிசின் அளவறிந்து கொடுக்கப்படும்போது மூட்டுகளில் யூரிக் அமிலம் படிவதால் வரும் கடும் வாத நோய்க்கு மருந்து. அதற்காகவே வேதாரண்யம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் உழவர் அதன் விதைக்காகப் பயிரிடுகின்றனர். மலரின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் பாதிப் பாடமே நடத்தினார். வேலியோரம் விளையாடும் குழந்தைக்குத் தேவை மறுபாதி.

அரைகுறை அறிவின் ஆபத்து

இங்கே துணுக்கின் பெருங்குறை வெளிப்படுகிறது. துணுக்கு, சூழலிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட உண்மை. வேர் அறுந்த செடி சில நாள் பசுமையாய் இருக்கும், பின் வாடும், சிலபோது அழுகும்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறி நஞ்சை வாயால் உறிஞ்ச வேண்டும் என்று எத்தனை திரைப்படங்கள் நமக்குக் ‘கற்பித்தன’! கதாநாயகன் உறிஞ்சித் துப்புவான். கதாநாயகி கண் திறப்பாள். உண்மையில் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே விளைவிக்கும். கடியுண்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது. கலையின் வழி கற்ற பொய் ஒன்று, வயல்வெளியில் ஒருவனின் பொன்னான நேரத்தைத் தின்றுவிடும்.

பொய் மட்டுமன்று, பாதி உண்மையும் கொல்லும். 2004 திசம்பர் 26-ஐ நம் கடற்கரை மறக்காது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளையும் அலை விடவில்லை. சுமத்திரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில். நம் கரையை அலை தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுதும் செய்தி எங்கோ இருந்தது. தேவைப்பட்டவர்களிடம் வந்து சேரவில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007-இல்தான்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய் காவ் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல் விந்தையாய் நுரைத்து எழுவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலையின் அறிகுறிகளைக் கற்றிருந்தாள். பெற்றோரிடம் கூச்சலிட்டாள், கடற்கரை காலி செய்யப்பட்டது, ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். சுமத்திராவை ஒட்டிய சிமலூ தீவிலோ பள்ளிக்கூடப் பாடம் கூடத் தேவைப்படவில்லை. 1907-இல் தம் முன்னோரை விழுங்கிய அலையை ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டிமார் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தனர். நிலம் பலமாக நடுங்கினால் மலைக்கு ஓடு என்பது அதன் சாரம். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

இச்செய்தி பரவிய பின், ‘கடல் உள்வாங்கினால் ஆழிப்பேரலை வரும்’ என்ற துணுக்கு நம்மிடையே நிலைத்துவிட்டது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. கடலடிப் பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருந்த நம் கரையையும் இலங்கையையும் நோக்கி நீர் முதலில் உயர்ந்தே வந்தது. அலைகளுக்கு இடையிலேதான் பெரும் பின்வாங்கல் நிகழ்ந்தது. ‘கடல் உள்வாங்கட்டும், பிறகு ஓடுவோம்’ என்று துணுக்கை நம்பிக் காத்திருப்பவன் என்னாவான்? ஓர் உண்மையை அதன் காரணத்தோடும் எல்லையோடும் அறியும் பொறுமைதான் கற்றலார்வம். விடையை மட்டும் பறித்துக்கொண்டு ஓடுவது வீண் ஆவல். அக்குவினார் ஏன் இதை ஒழுக்கத்தின் கணக்கில் சேர்த்தார் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

அறிந்தவர் கடன்

திரைப்பட வரலாற்றில் இன்னொரு பக்கத்தைப் புரட்டுவோம். 1895 திசம்பர் 28 அன்று லூமியேர் உடன்பிறப்புகள் பாரீசில் கட்டணம் பெற்று முதல் திரைக்காட்சி நடத்தினர். வினாடி வினாவில் தவறாது வரும் செய்தி. அதிலிருந்து பதினாறு மாதங்கள் கழித்து, 1897 மே 4 அன்று, அதே பாரீசில் கத்தோலிக்க உயர்குடியினர் ஏழைகளுக்காக நடத்திய அறச்சந்தையில் இப்புதுமையும் ஒரு காட்சியாக வைக்கப்பட்டது. படக்கருவியின் விளக்கில் ஊற்றிய ஈத்தர் ஆவி தீப்பற்றியது. மரத்தாலும் துணியாலும் அமைந்த கொட்டகை நிமிடங்களில் எரிந்தது. வெளியேறும் வழிகள் போதவில்லை. 120-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருவர் அலான்சோன் பிரபுவின் மனைவி சோபி. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கை. அவர் உடலைப் பற்களைக் கொண்டு அடையாளம் கண்டனர் என்பது துணுக்குத் தொகுப்புகள் விரும்பும் செய்தி. பிறர் முதலில் வெளியேறட்டும் என்று அவர் பின்தங்கி நின்றார் என்பதைத் தொகுப்புகள் மறந்துவிடுகின்றன. எது நினைவுகூரத் தக்கது?

நம் நாட்டிலும் இதுவே. 1997 சூன் 13 அன்று டில்லியின் உப்ஹார் திரையரங்கில் மூச்சுத் திணறி 59 பேர் இறந்தனர். அப்போது ஓடிக்கொண்டிருந்த படம் எது என்பது ஒரு வினா. மாடியில் கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தது ஏன் என்பது வேறொரு வினா. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் கருகினர். அந்த எண்ணை நாம் அனைவரும் சொல்வோம். நம் ஊர்ப் பள்ளியின் மாடிப்படி எத்தனை அடி அகலம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருள் சிறிதளவு கலக்கப்படுகிறது. இது ஒரு துணுக்கு. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில், மணமற்ற எரிவாயு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் யாரும் அறியாமல் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே எரிவாயுவுக்கு நாற்றமேற்றுவது அங்கே சட்டமாயிற்று. நம் அடுக்களையில் அந்த நாற்றம் எழும்போதெல்லாம், முகமறியாத அப்பிள்ளைகள் நம்மை எச்சரிக்கின்றனர் எனலாம். பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டின் கண்ணீரைச் சுருக்கி எழுதியதே. நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாதே, போடாதே, அணைக்காதே, அடுப்பையும் சிலிண்டரையும் மூடு, கதவையும் சன்னலையும் திற, அவ்வாயு காற்றினும் கனமானது, தரையில் தேங்கும் என்பவையும் அத்தகையவையே.

நன்மை இன்னதென்று தெரிந்திருந்தும் செய்யாது விடுவது குற்றமென யாக்கோபின் திருமுகம் கண்டிக்கிறது. அறிவு ஒரு சொத்து என்பதை விட, அறிவு ஒரு கடன் என்பதே பொருத்தம். அறியாதவனுக்கு இல்லாத பொறுப்பு அறிந்தவனுக்கு உண்டு.

தாய்மார் நினைவில் நின்றது

இக்கடனைத் திருப்பிச் செலுத்தியவர்களின் கதை ஒன்றுண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் பொங்கான் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் நீர்மருந்து தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநாபிஸ் சருக்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்தார். சருக்கரை குடற்சுவரைக் கடக்கும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. அவற்றைப் பின்தொடர்ந்து நீர் உடலுக்குள் சேர்கிறது. முகாமில் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் தூய நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சருக்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு துணுக்கில் அடங்கும் செய்தி இது.

பின்னர் 1980 முதல் பத்தாண்டுகள் வங்கதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் ஊர் ஊராகப் பெண் பணியாளர்களை அனுப்பியது. அவர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரல் சிட்டிகை உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் கொண்டு இந்நீரைக் கலக்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளை எட்டினர். இப்பணியில் நம்மைச் சிந்திக்க வைப்பது அவர்களின் ஊதிய முறை. எத்தனை வீடு போனார்கள் என்பதை மட்டும் வைத்து ஊதியம் தரப்படவில்லை. சில நாள் கழித்து வேறொருவர் சென்று, அத்தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார். அதற்கேற்பவே சொல்லிக்கொடுத்தவருக்கு ஊதியம்.

அறிவை அளக்க இதனினும் சிறந்த கோல் உண்டோ? வினாடி வினா மேடையில் நம் நினைவுக்குப் பரிசு. அங்கே மற்றவரின் நினைவுக்குப் பரிசு. என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை மேடை கேட்கிறது. என் வழியாகப் பிறரிடம் எவ்வளவு சேர்ந்தது என்பதை அக்குடிசை கேட்கிறது.

பயன் ஒன்றே அளவோ?

இங்கே ஒரு வாசகர் மறுக்கக்கூடும். “அப்படியானால் பயனற்ற செய்தி எதையும் அறியக்கூடாதா? யானைக்கு எத்தனை பல் என்று வியந்து கேட்கும் குழந்தையை அதட்டி அமர்த்துவதா? மாலையில் திண்ணையில் அமர்ந்து பழைய படப் பாடல்களின் ஆண்டுகளைச் சொல்லி மகிழும் முதியவர் பாவம் செய்கிறாரா?” இம்மறுப்பு நியாயமானது. எளிதில் தள்ளத்தக்கதன்று.

முதலாவதாக, எந்தச் செய்தி எப்போது பயன்படும் என்பதை எவரும் முன்னறிய முடியாது. புக்கெட் கரையில் நின்ற சிறுமிக்கு அப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியர், இரண்டு வாரத்தில் அது நூறு உயிரைக் காக்கும் என்று எண்ணியிருப்பாரா? பயனை மட்டும் தேடிக் கற்பவன் பயனுள்ளதையும் இழப்பான். இரண்டாவதாக, இதனினும் ஆழமாக, உண்மையை அறிவதில் உள்ள மகிழ்ச்சிக்குப் பயன் என்ற சான்றிதழ் தேவையில்லை. படைப்பை ஒன்றொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கும் பணியைத் தொடக்கநூல் முதல் மனிதனுக்கு அளித்தது. குழந்தையின் கேள்வியில் அப்பணியின் எதிரொலி கேட்கிறது. அதை அதட்டுவது அறமாகாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘இதனால் என்ன பயன்?’ என்பதன்று. ‘இதை அறிந்தபின் என் உள்ளம் எங்கே திரும்பியிருக்கிறது?’ என்பதே. திண்ணை முதியவர் தம் நினைவுகளைப் பேரனோடு பகிர்ந்து மகிழ்ந்தால் அது அன்பின் செயல். அதே முதியவர் பக்கத்து வீட்டுக்காரரின் அறியாமையைச் சுட்டி நகைத்தால், அதே பாடலும் அதே ஆண்டும் ஆணவத்தின் கருவிகளாகின்றன. அறிவு மனிதரை ஊதிப் பெருக்கச் செய்யும், அன்போ கட்டி எழுப்பும் என்ற கருத்தில் பவுலடியார் கொரிந்தியரை எச்சரித்தது இதைக் குறித்தே. அவர் அறிவைப் பழிக்கவில்லை. அன்பில்லாத அறிவின் வீக்கத்தைக் காட்டினார்.

கைப்பேசியில் எந்த விடையும் நொடியில் கிடைக்கும் இந்நாளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. சேர்த்து வைப்பதில் எந்தக் கருவியோடும் நாம் போட்டியிட முடியாது. எச்செய்தியை நம்பலாம் என்று ஆராய்வதும், எதை யாரிடம் எப்போது சொல்வது என்று தேர்வதும், சொன்னதன்படி எழுந்து செல்வதும் நம்மிடமே எஞ்சியுள்ளன. அவை நினைவாற்றலின் வேலையல்ல, மனச்சான்றின் வேலை.

எண்ணெயும் திராட்சை மதுவும்

எருசலேம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 750 மீட்டர் மேலே. எரிகோ ஏறத்தாழ 250 மீட்டர் கீழே. இடையில் ஒரு நாள் நடைத் தொலைவில் பாதை ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. பாறைகளும் வளைவுகளும் நிறைந்த அவ்வழியில் கள்வர் பதுங்குவது எளிது. இத்தனையும் புவியியல் துணுக்குகள். நல்ல சமாரியர் உவமையில் வரும் குருவும் லேவியரும் இவற்றை அறிந்தவர்கள், திருச்சட்டத்தையும் அறிந்தவர்கள். சமாரியருக்கும் ஒரு சிறு செய்தி தெரிந்திருந்தது. புண்ணைத் திராட்சை மதுவால் கழுவலாம், எண்ணெயால் தணிக்கலாம் என்பதே அது. அந்நாளில் வழிப்போக்கர் பலரும் அறிந்த கைமருத்துவம். முச்சந்தியில் கேட்டு அறிந்ததாகவும் இருக்கலாம். அச்சிறு அறிவோடு அவர் குனிந்தார்.

எனவே நம் பங்குகளில் வினாடி வினா தொடர்ந்து நடக்கட்டும். பிள்ளைகள் ஆண்டுகளையும் பெயர்களையும் ஆர்வத்தோடு கற்கட்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு வினாவை மட்டும் சேர்த்துக்கொள்வோம். இம்மண்டபத்திலிருந்து வெளியேற எத்தனை வழிகள்? அவற்றுள் பூட்டியிருப்பது எது? சாவி யாரிடம்? விடை சொன்ன பிள்ளையே எழுந்து சென்று அக்கதவைத் திறந்துவிட்டு வரட்டும். டம்ளரை அதன்பின் கொடுக்கலாம்.